நீலமானைக் காயப்படுத்தியது தணிகாசலம் அல்ல

இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது:

1. தணிகாசலம் இறந்த செய்தி எனக்கு வந்த விதம்.
2. அவர் ஏன் பெரிய துப்பாக்கிகளை வைத்திருந்தார். அதில் வெட்கப்பட ஏன் ஒன்றுமில்லை.
3. தெற்கு டெக்சஸில் அந்த நீலமானைக் காயப்படுத்திவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர் யார்.
4. உண்மை தெரிந்தும் தணிகாசலம் பேசாமலிருந்ததன் காரணம். அவர் அந்த ஆளை மன்னித்துவிட்டார்.
5. இரங்கல் கூட்டத்தில் சொல்லப்பட்ட பொய்.
6. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது.

நினைவஞ்சலிக்கு யாரும் பொருளடக்கம் போடுவதில்லை என்று எனக்குத் தெரியும். பிறர் போட்ட கட்டடக் கணக்குகளைச் சரிபார்க்கும் பொறியாளனாக ஹூஸ்டனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வரிசை போட்டுக்கொள்ளாமல் எழுதினால் பயந்து பாதியில் நிறுத்திவிடுவேன். எண் போட்டுவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போயே ஆக வேண்டும். நம் சங்க மலரின் ஆசிரியர் குழு என்னிடம் இரண்டு பக்கம் கேட்டது. "வேட்டை விஷயம் மட்டும் வேண்டாம் சார், கொஞ்சம் சென்சிட்டிவ். அவர் பொங்கல் விழாவுக்குப் பந்தல் போட்டது, ரத்த தானம், அந்த மாதிரி எழுதுங்க" என்றார்கள். அதனால் வேட்டை விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். அது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

செய்தி வந்தபோது பேர்லேண்டில் ஒரு டயர் கடையில் காத்திருந்தேன். வாட்ஸாப் குழுவில் ஒருவர் கொலுவுக்கு அழைத்திருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர் மறுநாள் விமான நிலையத்துக்கு யாராவது போகிறீர்களா என்று கேட்டிருந்தார். இரண்டுக்கும் நடுவில் 'தணிகாசலம் அங்கிள் நோ மோர்' என்று ஒரு வரி. உடனே அவர் மனைவி விமலாவைக் கூப்பிட்டேன்.

"காபி கேட்டார் சார். கொண்டுவந்து வெச்சேன். கண்ணை மூடிக்கிட்டு இருந்தார், தூங்கறார்னு நெனச்சு டம்ளரை மூடி வெச்சிட்டுப் போயிட்டேன்" என்றார். அழவில்லை. "எல்லாரும் வருவாங்க. அந்த டாக்டரும் வருவார். மைக்கைக் குடுத்தா அந்தக் கதையைச் சொல்லுவார். அவர் போனப்புறமும் நான் அதைக் கேக்கணுமா சார்?" என்றார்.

"சொல்ல மாட்டார் விமலா. சாவு வீட்டுல யாரும் அப்படிப் பேச மாட்டாங்க" என்றேன். கடைக்காரர் என் பெயரைத் தப்பாக உச்சரித்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

தணிகாசலம் பெரம்பூர்க்காரர். அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். இவர் உலோகவியல் படித்து, ஹூஸ்டனில் எண்ணெய்க் குழாய்கள் உடைந்தால் ஏன் உடைந்தன என்று கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தார். அலுவலக நண்பர்களோடு ஒரு முறை வேட்டைக்குப் போனவர், அதன் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் போனார். காட்டுப்பன்றி, எல்க் என்னும் பெரிய மான், தெற்கு டெக்சஸின் நீலமான். அவர் கராஜில் தனியாக ஒரு ஃப்ரீசர் இருந்தது. விமலா சைவம் என்பதால் அந்த இறைச்சி வீட்டுக்குள் வராது. கராஜ் வாசலில் அடுப்பு வைத்து மிளகு போட்டு வறுப்பார். அந்த வாசனைக்கு நம் சங்கத்தின் பெரிய மனிதர்கள் பலர் வந்து நின்றிருக்கிறார்கள். "வீட்ல சொல்லிடாதீங்க தணிகாசலம்" என்று கேட்டு இரண்டாவது தட்டு வாங்கியவர்கள்தான், "துப்பாக்கியோட ஒரு ஆளு, நம்ம பசங்க எல்லாம் வர்ற இடம்" என்று அவரைப் பிக்னிக் குழுவிலிருந்து நீக்கினார்கள். பெயர் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது அவர்கள் மனைவிமார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அவரிடம் இருந்த முக்கியமான துப்பாக்கியை எல்லாரும் 'த்ரீ செவன்டி ஃபைவ்' என்பார்கள். அந்த எண் குண்டின் விட்டம்: ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் முந்நூற்று எழுபத்தைந்து பங்கு. சாதாரண மான் வேட்டைக்கு இதைவிடச் சிறியது போதும். "எதுக்கு இவ்வளவு பெரிசு? பந்தாவா?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"பந்தாவுக்குன்னா செவுத்துல மாட்டலாம் சார்" என்றார். "நீலமானுக்குத் தோல் தடிமன், எலும்பு கெட்டி. சின்னக் குண்டு பட்டா ஓடிடும். ஓடற வழியில ரத்தம்கூட சிந்தாது. எங்கயோ போய்ப் படுத்து ராத்திரி பூரா கிடக்கும். பெரிய குண்டு எனக்காக இல்ல, அதுக்காக. அது சீக்கிரம் போகணும்."

என்னையும் ஒரு நாள் ஊருக்கு வெளியே சுடும் மைதானத்துக்கு அழைத்துப்போனார். "தோளோட ஒட்டி வெச்சுக்கங்க சார். இடைவெளி விட்டா உதைக்கும். ஒட்டி வெச்சா தள்ளும், அவ்வளவுதான்." நான் ஒட்டித்தான் வைத்தேன். தள்ளியது. மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிட்டது. அடுத்த தோட்டாவை அவரே போட்டுக் கொடுத்தார். விசையை அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். அது மருந்தில்லாத வெற்றுத் தோட்டா. ஆனால் துப்பாக்கியின் முனை தரையைப் பார்த்துக் குனிந்துவிட்டது. என் கண்களும் மூடியிருந்தன.

"பாத்தீங்களா? குண்டு இல்ல, உதை இல்ல. நீங்களாவே குனிஞ்சிட்டீங்க. உதை வரப்போவுதுன்னு பயந்து, அது வர்றதுக்கு முன்னாடியே கை இழுத்திடும். அப்ப குண்டு எங்க போகும்? மான் வயித்துல போகும்."

பெரிய துப்பாக்கிக்காரர்கள் எல்லாருக்கும் இந்தச் சோதனையை வைப்பது அவர் வழக்கம். எது மருந்துள்ளது, எது வெற்று என்று சுடுபவருக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டுக் கொடுப்பார். அச்சம் இருந்தால் முனை குனியும். சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். நான் அன்றோடு சுடுவதை விட்டுவிட்டேன். அதன் பிறகு தண்ணீரும் ஃபிளாஸ்க்கும் தூக்கிக்கொண்டு கூடப் போகும் ஆளானேன். "சுடத் தெரியாதவர் கூட வந்தா பரவால்ல. தெரியும்னு நெனக்கறவர்தான் ஆபத்து" என்பார்.

இப்போது மூன்றாவது குறிப்பு. பெயரை எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு முறை எழுதி அழித்துவிட்டேன். மூன்றாவது முறையாக எழுதுகிறேன்: டாக்டர் வரதன்.

நம் சங்கத்தின் விழாக்களில் குத்துவிளக்கு ஏற்றும் அதே வரதன். மயக்க மருந்து நிபுணர். பிறருடைய வலியை நிறுத்துவது அவர் தொழில் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கராஜ் வாசலில் வறுவல் சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தானும் வேட்டைக்கு வருவதாகச் சொன்னார். வந்தபோது கையில் 'ஃபோர் ஃபிஃப்டி எய்ட்'. ஆப்பிரிக்காவில் யானைக்கும் காட்டெருமைக்கும் எடுத்துப்போவது. அதன் தோட்டா ஏறக்குறைய என் நடுவிரல் நீளம்.

"உங்களோடது ஸ்கூட்டர் அங்கிள். இது புல்டோசர்" என்றார் தணிகாசலத்திடம்.

"ஓட்டிப் பாக்கலாம் டாக்டர்" என்று தணிகாசலம் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். வெற்றுத் தோட்டா. டாக்டர் விசையை அழுத்தியதும் முனை புல்லில் குத்துகிற அளவுக்கு இறங்கியது. பக்கத்து மேஜையில் இருந்த அமெரிக்கக் கிழவர் ஒருவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். வரதனின் காது சிவந்துவிட்டது.

"என்ன அங்கிள், ட்ரிக் பண்றீங்க?"

"ட்ரிக் இல்ல டாக்டர். இதை இந்தக் குளிர்காலம் வெச்சுட்டு என்னோடதை எடுத்துக்கங்க. பெரிசு வேணும்னா அதைத் தாங்கற அளவுக்குப் பழகணும். மாசக்கணக்கா ஆகும்."

"அடுத்த வாரம் புக் பண்ணியாச்சு அங்கிள். ஒரு நீலமான்தானே, டைனோசரா?"

அடுத்த வாரம் மூவரும் தெற்கே போனோம். ஹூஸ்டனைத் தாண்டி அரை நாள் கார்ப் பயணம். கடலோரத்தில் ஒரு பெரிய பண்ணை. மணல், முட்கள், சப்பாத்திக்கள்ளி, ஓயாத காற்று. நீலமான் நம் ஊர் விலங்கு. வடக்கே நீல்காய் என்பார்கள். பல காலம் முன்பு யாரோ கொண்டுவந்து விட, அங்கேயே பெருகிவிட்டது. "நமக்கு முன்னாடி வந்துட்டான் சார். கிரீன் கார்டு கேக்கவே இல்ல பாருங்க" என்று தணிகாசலம் ஒவ்வொரு முறையும் சொல்வார், ஒவ்வொரு முறையும் அவரே சிரிப்பார். எங்களுக்கு வழிகாட்ட ஹெக்டர் என்பவர் இருந்தார், அந்தப் பண்ணையிலேயே பிறந்து வளர்ந்தவர்.

உச்சிவேளையில் அதைப் பார்த்தோம். ஆண். எருமை போல உயரம், மழைமேக நிறம், தொண்டையில் வெள்ளைத் திட்டு. முள்மரங்களின் ஓரத்தில் எங்களுக்குப் பக்கவாட்டாக நின்றது. "பொறுங்க, ஒரு அடி முன்னால வரட்டும்" என்று ஹெக்டர் கிசுகிசுத்தார். டாக்டர் பொறுக்கவில்லை. சத்தம் என் பற்களில் கேட்டது. நீலமான் முதுகை வளைத்துக் குறுகியது. பிறகு ஓடி முட்களுக்குள் மறைந்தது.

முதுகை வளைத்தால் குண்டு வயிற்றில் பட்டிருக்கிறது என்று பொருள். அது எனக்கே தெரிந்திருந்தது. ஹெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தணிகாசலம் சுடவேயில்லை; அவர் துப்பாக்கி உறைக்குள் இருந்தது. நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். இதை நான் நீதிமன்றத்திலும் சொல்வேன்.

"வாங்க டாக்டர். நீங்க அடிச்சது, நீங்கதான் முடிக்கணும். நான் கூட வர்றேன்" என்றார் தணிகாசலம்.

"செத்துடும் அங்கிள். ஃபோர் ஃபிஃப்டி எய்ட் பட்டு எது பொழைக்கும்?"

"செத்துடும் டாக்டர். எப்ப?"

"முள்ளுக்குள்ள எப்படி அங்கிள் போறது? பாம்பு இருக்கும். அது திரும்பி முட்டினா? எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க. நாளன்னைக்கு சர்ஜரி இருக்கு."

தணிகாசலம் அதற்கு மேல் கேட்கவில்லை. அறுபதைத் தாண்டியவர், ஹெக்டரோடு முட்களுக்குள் குனிந்து போனார். நானும் டாக்டரும் வண்டியில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஏசியைப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் போனை என் பக்கம் நீட்டி, பாடம் செய்து சுவரில் மாட்டிய மான் தலைகளின் படங்களைக் காட்டினார். "எது நல்லா இருக்கு அங்கிள்? நேரா பாக்கற மாதிரியா, சைடுலயா?"

மாலை வெயில் சாய்ந்த பிறகு காற்றுக்குள் ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. தணிகாசலம் வெளியே வந்தபோது சட்டைக் கை இரண்டும் கிழிந்திருந்தன. முழங்காலால் தவழ்ந்திருக்கிறார். உள்ளங்கையிலும் முட்டியிலும் கள்ளி முட்கள். விமலா பல வாரங்கள் இடுக்கியோடு உட்கார்ந்து எடுத்தார். "மூணு எடத்துல படுத்து எழுந்திருக்கு சார்" என்றார் தணிகாசலம் என்னிடம். "ரத்தமே இல்ல. படுத்த புல்லைப் பாத்துத்தான் போனோம். கடைசில எங்களைப் பாத்துச்சு. எழுந்திருக்க முடியல."

தலை யாருக்கு என்று ஹெக்டர் கேட்டார். முதலில் ரத்தம் எடுத்தவனுக்கே விலங்கு சொந்தம் என்பது வேட்டைக்காரர்களின் வழக்கம். முடித்தவன் யாராக இருந்தாலும் சரி. தணிகாசலம் டாக்டரைக் கைகாட்டினார். திரும்பி வரும் வழியெல்லாம் டாக்டர் பின் இருக்கையில் தூங்கினார்.

தலை பாடமாகி வருவதற்குள் கதை தயாராகிவிட்டது. தணிகாசலம் அவசரப்பட்டுச் சுட்டாராம், வயிற்றில் பட்டுவிட்டதாம், கிழவர் கைவிட்டுவிட்டாராம், டாக்டர் முட்களுக்குள் புகுந்து தம் பெரிய துப்பாக்கியால் முடித்தாராம். வேட்டை தெரியாதவர்களுக்கு இது ஒரு வேடிக்கைக் கதை. தெரிந்தவர்களுக்கு இதைவிட அவமானம் கிடையாது. காயப்பட்ட விலங்கை விட்டுவிட்டு வந்தவனோடு யாரும் அடுத்த முறை போக மாட்டார்கள். கதை சுற்றிச் சுற்றி அவருடைய அலுவலக நண்பர்களையும் எட்டியது. அந்த ஆண்டு கொலராடோவுக்கு எல்க் வேட்டைக்குப் போனவர்கள் அவரைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஆண்டும். நம் விழாக்களில், "என்ன தணிகாசலம், இந்தத் தடவை எங்க அடிச்சீங்க? வால்லயா?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

நான் பேச வேண்டுமா என்று தணிகாசலத்திடம் கேட்டேன். "வேணாம் சார். நீங்க வாயைத் தொறக்கக் கூடாது. எனக்காக" என்றார்.

டாக்டர் வீட்டுத் தீபாவளிக்குக்கூடத் தவறாமல் போனார். சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ச்சுவரில் அந்த நீலமானின் தலை இருக்கும். அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டுக்கொள்வார். புதிதாக யாராவது வந்திருந்தால், "டாக்டர், இவங்க கேட்டதில்லையே. கதையைச் சொல்லுங்க" என்று அவரே எடுத்துக் கொடுப்பார். டாக்டர் சொல்லச் சொல்ல, "ஆமா, ஆமா, வயித்துலதான் பட்டுச்சு" என்று தலையாட்டுவார். நான் தட்டோடு நின்று அதைப் பார்த்து, எப்பேர்ப்பட்ட மனிதர் என்று நினைத்துக்கொள்வேன். தன்னை அவமானப்படுத்தியவன் வீட்டில் உட்கார்ந்து, அவன் பொய்க்குத் தலையாட்டும் அளவுக்குப் பெரிய மனது. இதுதான் என் நான்காவது குறிப்பு.

ஐந்தாவது. இரங்கல் கூட்டத்தில் பலர் பேசினார்கள். "ஒரு ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர்" என்றார் ஒருவர், கராஜில் மூன்று தட்டு சாப்பிட்டவர். பிறகு டாக்டர் வரதன் மைக்கைப் பிடித்தார்.

"அங்கிள் மாதிரி ஒரு ஜென்டில்மேன் கிடையாது. ஷூட்டிங் மட்டும்..." என்று நிறுத்தினார். சிரிப்பு எழுந்தது. கதையை ஆரம்பித்தார். முழுவதும் சொன்னார். வயிற்றில் பட்டது, கைவிட்டது, இவர் போய் முடித்தது. விமலா முன்வரிசையில் இருந்தார். அவர் புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு மேடையில் இருந்த கணவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர், "பாவம், நல்ல மனுஷன், குறி மட்டும் சரியில்ல" என்றார்.

அன்று முடிவு செய்தேன். எனக்குக் குரல் எழாது, எழுத வரும். அச்சில், பெயரோடு, நம் ஊரில் உள்ள எல்லார் வீட்டுக்கும் போகும் மலரில். அடுத்த விழாவில் அவர் குத்துவிளக்கை நெருங்கும்போது கூட்டம் அவரை எப்படிப் பார்க்கும் என்று கற்பனை செய்தேன். அந்தக் கற்பனை இனித்தது என்பதை மறைக்கவில்லை. அவர் வீட்டுக்கு வருபவர்கள் இனி அந்தத் தலையைப் பார்த்துவிட்டு அவரைப் பார்க்க வேண்டும். அவர் பிள்ளைகள் கேட்க வேண்டும். இதுவரை நீங்கள் படித்தது எல்லாம் அந்த நோக்கத்தோடு எழுதப்பட்டது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கணக்கில் தவறு கண்டுபிடித்தால், அறிக்கையை வெளியிடும் முன் அவரிடமே ஒரு பிரதி கொடுத்துக் கருத்துக் கேட்க வேண்டும். தவறு என்னுடையதாகவும் இருக்கலாமே. அந்த வழக்கத்தைச் சாக்காக வைத்து, இதை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை வரதன் வீட்டுக்குப் போனேன். படிக்கும்போது அவர் முகம் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும் என்பதே உண்மையான காரணம். தெருவை இரண்டு முறை சுற்றிய பிறகுதான் வண்டியை நிறுத்த முடிந்தது.

அவர் மனைவி சுதா கதவைத் திறந்து, "வாங்க அங்கிள், சாப்பிட்டீங்களா?" என்றார். டாக்டர் சாப்பாட்டு மேஜையில் இருந்தார். நான் காகிதங்களை அவர் முன்னால் வைத்தேன். ஒன்று கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்தார். ஆரம்பத்திலிருந்து, 'அந்த நோக்கத்தோடு எழுதப்பட்டது' என்பது வரை படித்தார். நான் எதிர்பார்த்த எதுவும் அவர் முகத்தில் நடக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"இது எப்ப அங்கிள் பிரின்ட்டுக்குப் போகுது?"

"அடுத்த வாரம். நீங்க மறுக்கணும்னா..."

"மூணாவது பாயின்ட் கரெக்ட். அஞ்சாவது கரெக்ட். ஏசி போட்டதுகூட கரெக்ட்." காகிதத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். "நாலாவது தப்பு. அவர் என்னை மன்னிக்கல அங்கிள்."

எனக்குப் புரியவில்லை. தலையாட்டுவாரே, கதை சொல்லச் சொல்லுவாரே என்றேன்.

"அதைத்தான் சொல்றேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்தப்ப என் பையன் ஓடி வந்து, 'டாடி, டிட் யூ கெட் இட்?'ன்னு கேட்டான். சும்மா அவனுக்குன்னு ஒரு பொய் சொன்னேன். அவன் ஸ்கூல்ல சொன்னான். அது வெளிய போயிடுச்சு. இந்தத் தலை வந்த அன்னைக்கு தணிகாசலம் அங்கிள் ட்ரில் மிஷினோட வந்தார். சண்டைக்கு வர்றார்னு நெனச்சேன். 'எங்க மாட்டப்போறீங்க டாக்டர்?'ன்னார். ஆபீஸ் ரூம்லன்னேன். 'வேணாம், சாப்பிடறப்ப எதிர்ல இருக்கணும்'னு அவரே ஏணில ஏறி ஓட்டை போட்டார்."

சுதா சமையலறையிலிருந்து வந்து நின்றார். "எடுத்திடலாம்னு நான் எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா அங்கிள்? எடுத்தா தணிகாசலம் அங்கிள் வந்து கேப்பார்னு இவர் பயப்படுவார். எதுக்குப் பயம்னு எனக்குச் சொன்னதே இல்ல. அவர் போனப்புறம்தான் சொன்னார்."

"ரெண்டாவது தீபாவளிக்கு," என்றார் வரதன், "அவர் கதை சொல்லச் சொன்னார். நான் எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லிடலாம்னு, 'ஆக்சுவலா அன்னைக்கு என்ன ஆச்சுன்னா'ன்னு ஆரம்பிச்சேன். என் கையைப் புடிச்சார். சிரிச்சிக்கிட்டேதான். 'கதையை மாத்தாதீங்க டாக்டர்'னார். அப்புறம் கை கழுவற எடத்துல வந்து மெதுவா சொன்னார். 'அதுக்கு மத்தியானத்துலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் வலிச்சுது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு.'"

நான் அந்தத் தீபாவளிக்கும் தட்டோடு நின்றிருந்தேன். கையைப் பிடித்ததையும் பார்த்தேன். அன்பு என்று நினைத்தேன்.

"அப்ப இரங்கல் கூட்டத்துல ஏன் சொன்னீங்க? அவர்தான் இல்லையே."

"கீழேர்ந்து யாரோ, 'டாக்டர், அந்த ஹன்ட்டிங் கதை'ன்னு கத்தினாங்க. வாய் தானா ஆரம்பிச்சிடுச்சு அங்கிள். அத்தனை வருஷம் பழக்கம். பாதில விமலா ஆன்டி முகத்தைப் பாத்தேன். எப்படி நிறுத்தறதுன்னு தெரியல." பிறகு, "பிரின்ட் பண்ணிடுங்க. ஒண்ணும் மாத்த வேணாம். ப்ளீஸ்" என்றார்.

அவர் குரலில் இருந்தது நிம்மதி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் அவரை வீழ்த்த எழுதியது அவருக்கு விடுதலையாக வந்து சேர்ந்திருக்கிறது. தணிகாசலம் வருடக்கணக்காகத் தன் பெயரையே விலையாகக் கொடுத்து நடத்திய தண்டனையை நான் ஒரு கட்டுரையால் முடித்துவைக்கப்போகிறேன். காகிதங்களை எடுத்துக் கிழித்துவிட்டால் போதும், அது தொடரும். என் விரல்கள் அவற்றின் மேல் இருந்தன. கிழித்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

ஆனால் விமலா இருந்தார். அந்தத் தண்டனையில் ஒரு பங்கு ஒவ்வொரு விழாவிலும் அவர்மேல் விழுந்திருக்கிறது. தணிகாசலம் அதை யோசித்தாரா என்று தெரியவில்லை. யோசித்தும் விடாமலிருந்தார் என்றால், அவரைப் பற்றி நான் அறிந்தது இன்னும் குறைவு.

"அச்சுக்குப் போகும் டாக்டர். ஆனா மலர் வெளியீட்டன்னைக்கு மேடையில இதை நீங்க படிக்கணும். முழுசா."

"நானா? நீங்க எழுதினது, நீங்க படிங்க அங்கிள்."

"எனக்குக் குரல் வராது. உங்களுக்கு மைக் பழக்கம். விமலா முன்வரிசைல இருப்பாங்க."

"பசங்களும் வருவாங்க அங்கிள்..."

"வரட்டும்."

டாக்டர் தன் மனைவியைப் பார்த்தார். சுதா, "அவர் படிப்பார் அங்கிள்" என்றார். பிறகு எனக்குக் காபி கொண்டுவந்தார். அந்த வீட்டில் நான் எதையும் தொடுவதில்லை என்று வைத்திருந்தேன், குடித்துவிட்டேன்.

விமலாவிடம் அன்று மாலையே எல்லாவற்றையும் சொன்னேன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க" என்றார். அது கணவர்மேல் கோபமா என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அவர் கணவரின் துப்பாக்கியை நான் வைத்துக்கொள்கிறேனா என்று கேட்டார். எனக்கு அதைத் தூக்கவே பயம் என்றேன்.

ஆறாவது குறிப்பில், அவருடைய பெருந்தன்மையை வைத்துக்கொள்கிறேன் என்று எழுதுவதாக இருந்தேன். இனி அப்படி எழுத முடியாது. நான் வைத்துக்கொள்வது அவருடைய விடாத குணத்தை. ஒரு விலங்கின் வலியைத் தேடி முள்ளுக்குள் முழங்காலால் போனதும் அதுதான். அந்த வலிக்குக் காரணமானவரை ஆண்டுக்கணக்கில் விடாமலிருந்ததும் அதுதான். முதலாவதை நேசித்த என்னால் இரண்டாவதை ஒதுக்கிவைக்க முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை, மேடையில் நீங்களே படியுங்கள் என்று சொன்ன அந்தக் கணத்தில், எனக்கு அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டதையும் உணர்ந்தேன்.

ஆகவே தொடக்கத்தில் எழுதியதை அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். அதை டாக்டர் வரதன் தம் வாயால் படிக்கட்டும், இதையும் படிக்கட்டும். நான்காவது குறிப்பு தவறு. தணிகாசலம் மன்னிக்கவில்லை.